அடுப்படிப் பூட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பத்திரிகை ஆசிரியர் எனக்கு அனுப்பிவைத்தார். பேத்திக்கு ஐந்து வயது. மருமகள் ஃப்ரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தாலிச் சரட்டோடு கோத்து வைத்திருக்கிறாள். “பசிக்குது ஆச்சி” என்று பிள்ளை சேலையைப் பிடித்து இழுக்கும்போது ஒரு ரஸ்க் எடுத்துக் கொடுக்கக்கூட உங்களுக்கு உரிமை இல்லை. பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிற தாயை இந்த எழுபது வயதில் இப்போதுதான் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில், டாக்டர் சீட்டிலிருந்து நோயின் பெயரைப் பார்த்து எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டு, ‘நிஜமாகவே இப்படி ஒரு வியாதி உண்டா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு அம்மா. என் மகனுக்கும் அதே நோய்தான். அவனுக்கு இப்போது ஒன்பது வயது. எங்கள் அடுப்படிக் கதவிலும் பூட்டு தொங்குகிறது.

உங்களுக்குத் தனியாகவே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் நீங்கள் கேட்ட இதே கேள்வியை என் மாமியார் கேட்டார், சித்தி கேட்டார், மாடிவீட்டு அக்கா கேட்டார், பள்ளிக்கூட ஆயா கேட்டார். அதனால் உங்கள் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு எல்லோரும் படிக்கிறமாதிரி எழுதுகிறேன். மருமகளுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டாலும் சரி. பாதி அதுதான்.

நோயின் பெயர் பிராடர்-வில்லி. சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகரத்து மருத்துவர்கள் மூன்று பேர், ஆண்ட்ரியா பிராடர், அலெக்சிஸ் லாப்ஹார்ட், ஹைன்ரிச் வில்லி, 1956-இல் இதைப் பற்றி எழுதினார்கள். (லாப்ஹார்ட் பாவம், புழக்கத்தில் அவர் பெயர் விடுபட்டுப் போயிற்று.) ஏறத்தாழ 15,000 பிறப்பில் ஒரு குழந்தைக்கு இது வருகிறது. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு 8, 9 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. இந்தக் கணக்கில் பார்த்தால் ஒவ்வொரு வருஷமும் 50, 60 குழந்தைகளாவது இந்த நோயோடு பிறக்க வேண்டும். அவர்கள் எல்லோரும் எங்கே? பெரும்பாலோர் ‘குண்டுப் பையன்’, ‘தீனிப் பண்டாரம்’, ‘மந்தம்’ என்ற பட்டங்களோடு ஏதோ ஒரு தெருவில் வளர்ந்துகொண்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பட்டம் இன்று நேற்று வந்ததும் அல்ல. ஸ்பெயின் தலைநகர் மத்ரீதில் பிராதோ என்று பெரிய ஓவியக்கூடம் இருக்கிறது. அங்கே 1680 வாக்கில் கரேன்யோ என்ற அரசவை ஓவியர் வரைந்த ஒரு சிறுமியின் படம் உண்டு. ஆறு வயதுதான். உருண்டு திரண்ட உடம்பு, சின்ன வாய், முறைத்த பார்வை, கையில் பழம். அரசவையில் வேடிக்கை காட்டக் கூட்டிவந்து நிறுத்திய பிள்ளை. உடை போட்டு ஒரு படம், உடையில்லாமல் ஒரு படம் வரைந்தார்கள். அந்தப் படத்துக்கு இன்றுவரை நிலைத்திருக்கிற பெயர் ‘அரக்கி’. அவளுக்கு இருந்தது பிராடர்-வில்லியாகத்தான் இருக்க வேண்டும் என்று இந்தக் காலத்து மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஓவியர்மேல் கோபம் வரவில்லை. அந்தப் பழத்தை யார் கையில் கொடுத்தார்கள் என்றுதான் யோசித்தேன்.

சரி, காரணத்துக்கு வருகிறேன். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில், ‘அவ வம்சத்துல யாருக்கோ இருந்திருக்கும், மறைச்சுட்டாங்க’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. நம் ஒவ்வொருவருக்கும் குரோமோசோம்கள் இரண்டிரண்டாக வரும், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. 15-ஆம் குரோமோசோமில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அதிலுள்ள சில மரபணுக்களில், அம்மா வழியாக வந்தவை எல்லா மனிதர்களுக்கும் இயல்பாகவே வேலை செய்யாமல் அடங்கிக் கிடக்கும். அப்பா வழியாக வந்தவை மட்டுமே வேலை செய்யும். அந்த அப்பா வழிப் பகுதி அறுந்துபோனால் இந்த நோய். பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு நடப்பது அதுதான். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு பிரதியும் அம்மாவிடமிருந்தே வந்துவிடுகின்றன, அப்பாவின் பிரதி வரவே இல்லை. இதே இடத்தில் அம்மா வழிப் பிரதி இல்லாமல் போனால் அது ஏஞ்சல்மன் என்று முற்றிலும் வேறு நோய்.

‘அப்பா வழி’ என்று படித்ததும் உங்கள் மகனைக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். பெரும்பாலும் விந்தோ முட்டையோ உருவாகும்போது தற்செயலாக நடக்கிற பிசகு இது. யார் சாப்பிட்டதாலும், பார்த்ததாலும், கிரகணத்தில் வெளியே வந்ததாலும் நடப்பதல்ல. சொந்தத்தில் கட்டியதாலும் இல்லை. எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ரொம்ப நாள் ஓடியது, நானும் என் கணவரும் அத்தை மகன், மாமன் மகள். சொந்தத்தில் கட்டுவதால் வருகிற பசி நோய் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. லெப்டின் என்ற ஹார்மோன் பிறவியிலேயே சுரக்காத நோய் அது. இங்கிலாந்தில் பாகிஸ்தானிய வம்சாவளிக் குழந்தைகள் இரண்டு பேரிடம் 1997-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஹார்மோனை ஊசியாகப் போட்டதும் பசி அடங்கியது. நமக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நம் பிள்ளைகளின் நோய்க்கு சொந்தமும் காரணமல்ல, அப்படி ஊசியில் அடங்குகிற பசியும் கிடையாது. அடுத்த பிள்ளைக்கு வருமா என்று கேட்டால், பெரும்பாலான குடும்பங்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான வாய்ப்புத்தான். மிகச் சில வகைகளில் மட்டும் அது பாதிக்குப் பாதி வரை போகும். உங்கள் பேத்திக்கு எந்த வகை என்று பரிசோதனைச் சீட்டில் இருக்கும். மருமகளுக்கு அது மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்.

இப்போது பிறந்த சமயத்தை நினைத்துப் பாருங்கள். உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ‘பொறந்தப்ப அழவே அழாது, துணி மாதிரி துவண்டு கிடக்கும், பால் குடிக்கத் தெரியாது.’ என் மகனும் அப்படித்தான். தூக்கினால் கையும் காலும் தொங்கும். வாயில் மார்பை வைத்தால் உறிஞ்சத் தெம்பு இருக்காது. பால் பீய்ச்சி, பாலாடையில் சொட்டுச் சொட்டாக விட்டோம். அதுவும் புரையேறியதால் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். பசித்து அழுத குரலை முதல் பல மாதங்களுக்கு நாங்கள் கேட்கவே இல்லை. ‘என்ன சமத்து, அழவே மாட்டேங்கறான்’ என்று பார்க்க வந்தவர்கள் மெச்சினார்கள். ஒரு மில்லி பாலுக்கு மணிக்கணக்கில் போராடியவள்தான் அம்மா, இப்போது பூட்டுப் போட்டிருக்கிற உங்கள் மருமகள். சோறு போட மனசு வராதவள் அந்த நாட்களைத் தாண்டியே வந்திருக்கமாட்டாள்.

பால் குடிக்கத் தெரியாத பிள்ளை எப்படித் தீனிக்கு அலைகிற பிள்ளையாக மாறும்? இந்த நோயின் வினோதமே அதுதான். 2011-இல் வெளிவந்த ஒரு ஆய்வு, இதை வயிற்றிலிருக்கும் காலம் முதல் பெரியவர்களாகும்வரை ஏழு கட்டங்களாகப் பிரித்துக் காட்டியது. முதல் ஒன்பது மாதம் துவண்ட உடம்பு, பால் குடிக்கத் திணறல். அதன்பின் இரண்டு வயதுவரை மற்றப் பிள்ளைகளைப் போலவே இருக்கும், வீடே நிம்மதியாக மூச்சுவிடும். இரண்டு வயதுக்கு மேல் கூடுதலாக எதுவும் சாப்பிடாமலேயே எடை ஏற ஆரம்பிக்கும். நாலரை வயது வாக்கில் சாப்பாட்டுப் பேச்சு தொடங்கும்: அடுத்து என்ன, எப்போது, யார் வீட்டில் என்ன சமையல். எட்டு வயதுக்குப் பக்கமாக முழுப் பசி வந்து உட்காரும். ஆளுக்கு ஆள் முன்னே பின்னே இருக்கும். உங்கள் பேத்தி இப்போது வாசற்படியில் நிற்கிறாள். பசி முழுதாக வருவதற்கு முன்பே பூட்டு வந்துவிட்டது. உங்கள் மருமகளின் கெட்டிக்காரத்தனம் அது. பூட்டே இல்லாமல் எட்டு வயதுவரை வளர்த்துவிட்டுப் பிறகு பூட்டுப் போட்ட வீடுகளில் நடக்கிற ரகளையை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பசி எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்வது சுலபம். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருப்பவர் நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறாம் நாள் சாயங்காலம், சூரசம்ஹாரம் முடிகிற நேரத்தில், பக்கத்து வீட்டில் வெங்காய வடை சுடுகிற வாசனை வந்தால் எப்படி இருக்கும்? உங்கள் பேத்திக்கு மூன்று இட்லி சாப்பிட்டுக் கை கழுவிய அடுத்த நிமிஷமும் அப்படித்தான் இருக்கும். வித்தியாசம் என்னவென்றால் அவளுக்கு ஏழாம் நாள் பாரணை கிடையாது.

மூளையில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சின்ன இடம். பசி, தூக்கம், உடம்புச் சூடு, வளர்ச்சி எல்லாம் அதன் பொறுப்பு. ‘போதும்’ என்ற உணர்வு அங்கேதான் உண்டாக வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு அது உண்டாவதில்லை. அதனால் எவ்வளவு போட்டாலும் பசி அடங்காது. ஒரு ரஸ்க் கொடுத்தால் பசி ஆறுமே என்கிறீர்கள். ஆறாது அம்மா. ஒரு பாக்கெட் கொடுத்தாலும் ஆறாது.

அதோடு இன்னொரு கஷ்டம். இவர்களுக்குத் தசை குறைவு, உடம்பு எரிக்கிற சக்தியும் குறைவு. அதே வயது, அதே உயரமுள்ள பிள்ளைக்கு வேண்டிய உணவில் மூன்றில் இரண்டு பங்கே போதும். அந்தப் பிள்ளை சாப்பிடுகிற அளவை இவளும் சாப்பிட்டால் எடை ஏறிக்கொண்டே போகும். சர்க்கரை வரும், தூக்கத்தில் மூச்சு அடைக்கும், இதயம் கெடும். பசி கூடுதல், தேவை குறைவு. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று தினம் மூன்று வேளை சமைக்கிறவள் படும் பாட்டை யாரும் எழுதுவதில்லை.

நீங்கள் மிகவும் கோபப்பட்டிருக்கும் அந்தப் பூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். பிட்ஸ்பர்க் நகரத்து மருத்துவர்கள் ஜானிஸ் ஃபார்ஸ்டர், லிண்டா கூராஷ் இருவரும் இந்தக் குழந்தைகளோடு நெடுங்காலம் வேலை செய்தவர்கள். அவர்கள் வகுத்துக் கொடுத்த முறையைத்தான் உலகமெங்கும் இந்தக் குழந்தைகளின் பெற்றோர்கள் பலர் பின்பற்றுகிறார்கள். அடுத்த சாப்பாடு எப்போது, என்ன என்பதில் பிள்ளைக்குச் சந்தேகம் இருக்கக் கூடாது. அதற்கு மேல் ஏதாவது கிடைக்கும் என்ற நப்பாசைக்கு இடம் இருக்கக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் ஏமாற்றம் இருக்காது. அவ்வளவுதான் அந்த முறை. இதில் பட்டினி எங்கே இருக்கிறது? இந்தப் பிள்ளையை வதைப்பது சோறு குறைவதல்ல. சோறு வருமா வராதா, கேட்டால் கிடைக்குமா, இன்னும் கொஞ்சம் அழுதால் கிடைக்குமா என்ற ஓயாத கணக்கு. பூட்டு இருக்கிற வீட்டில் அந்தக் கணக்கு ஓடாது. திறந்து கிடக்கிற சேவு டப்பாவை ஒரு கண் பார்த்துக்கொண்டே பிள்ளை எப்படிப் படம் வரையும், எப்படி விளையாடும்?

எங்கள் வீட்டு அடுப்படிக் கதவில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. காலை 7.30, 10.30, மதியம் 1, மாலை 4.30, இரவு 7. ஒவ்வொன்றுக்கும் எதிரே படம்: இட்லி, வெள்ளரிக்காய், சோறு, கொய்யா, தோசை. முந்தின நாள் இரவே மறுநாள் படங்களை அவனே மாட்டுவான். தோசைக்கான மாவைச் சின்ன டிஜிட்டல் தராசில் அவன் கண்ணெதிரே நிறுப்பேன். எண் சரியாக வந்தால் அவன் தலையாட்டுவான், இல்லையென்றால் கரண்டியால் திரும்ப எடுக்கச் சொல்வான். கூட வந்துவிட்டால்கூட எடுக்கச் சொல்வான் என்றால் நம்புவீர்களா? அளவு அளவாக இருப்பதுதான் அவனுக்கு நிம்மதி. ஆறே முக்காலிலிருந்து கடிகாரத்தின் கீழே வந்து நிற்பான். ஏழு அடிக்கும்போது தட்டு கீழே இருக்க வேண்டும். ஏழு ஐந்து ஆனால் வீடு வீடாக இருக்காது. ஒரு நாள் கிரைண்டர் பழுதாகி இட்லிக்குப் பதில் உப்புமா என்று ஆயிற்று. உப்புமா அவனுக்குப் பிடிக்கும். இருந்தாலும் தரையில் விழுந்து புரண்டு, தொண்டை கட்டுகிறவரை கத்தினான். அட்டையில் இருந்தது இட்லி. அட்டை பொய் சொல்லிவிட்டது, இனி மதியச் சோறும் வருமா என்று யாருக்குத் தெரியும்? அவன் பயம் அது.

அதனால்தான் ஒரு ரஸ்க் ஆபத்து. அதில் இருக்கும் மாவும் சர்க்கரையும் பெரிய விஷயமில்லை. நூறு தடவை கேட்டு ஒரு தடவை கிடைத்துவிட்டால், இருநூறு தடவை கேட்பது புத்திசாலித்தனம் என்று பிள்ளை முடிவு செய்துவிடும். ஆச்சியைப் பார்த்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும், கண் உங்கள் முந்தானை முடிச்சுக்குப் போகும். அவள் உங்கள் மடியில் வந்து உட்காருவது உங்களுக்காக இருக்க வேண்டுமா, ரஸ்குக்காக இருக்க வேண்டுமா?

பூட்டு வீட்டோடு முடிகிற சமாச்சாரமும் இல்லை. அமாவாசையன்று மொட்டைமாடிச் சுவரில் காக்கைக்கு வைத்த சோற்றை என் மகன் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறான். தெருநாய்க்கு யாரோ வைத்த பால்சோறு, குப்பைக்கூடையில் கிடந்த கேக் அட்டை, ஃப்ரீசரில் கல்லாகக் கிடந்த பட்டாணி, எதையும் விட்டதில்லை. ஒரு விசேஷ வீட்டில் பலகாரத் தூக்கைத் திறந்துவிட்டான் என்று ஒரு உறவினர் அவனைத் ‘திருடன்’ என்று கூட்டத்தின் நடுவே சொன்னார். அன்று முதல் அந்த வீட்டுப் பக்கம் நாங்கள் போவதில்லை. மூச்சுத் திணறுகிறவன் காற்றை இழுப்பதைத் திருட்டு என்று யாரும் சொல்லமாட்டோமே.

கோயிலுக்குப் போகிறோம். பிரதோஷத்துக்குப் புளியோதரை கொடுத்தால் தொன்னையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, நிறுத்து, இரவுச் சாப்பாட்டில் சேர்த்துவிடுவேன். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் போனால் முகூர்த்தம் பார்த்துவிட்டு, அவன் டிபன் பாக்ஸை மண்டபத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில் திறந்து, சாப்பிட வைத்து, பந்திக்கு முன்பே கிளம்பிவிடுவோம். ‘சாப்பிடாமப் போறீங்களே’ என்று கையைப் பிடித்து இழுப்பவர்களிடம் இப்போதெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் ஒரு பள்ளி இடமில்லை என்றது. இப்போதைய பள்ளியில் டீச்சர் ஒரு காரியம் செய்தார்: வகுப்பிலிருக்கும் எல்லாப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பைகளையும் பக்கத்து அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். பிறந்தநாளுக்குச் சாக்லேட்டுக்குப் பதில் பென்சில். ஒரு பிள்ளைக்காக முப்பது பிள்ளைகள் மாறினார்கள். முதலில் முகம் சுளித்த ஒரு அம்மாவே, தன் பிள்ளைக்குப் பல்வலி குறைந்துவிட்டது என்று பிறகு சொன்னார்.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டிவையுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது. எலும்பு முறிந்தாலும் நொண்டிக்கொண்டே விளையாடும். காய்ச்சல் வர வேண்டிய நேரத்தில் உடம்பு சுடாமலே இருக்கலாம். வாந்தி எடுப்பது மிக அபூர்வம். அதனால், பந்தியிலோ பண்டிகையிலோ கண் தப்பி அளவுக்கு மீறிச் சாப்பிட்ட பிள்ளைக்கு மறுநாள் வயிறு உப்பினால், வாந்தி வந்தால், அல்லது ‘எனக்குச் சாப்பாடு வேண்டாம்’ என்று அதுவாகவே சொன்னால், ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. இரைப்பை விரிந்து, அதன் சுவர் அழுகிக் கிழியும் அபாயம் உண்டு, அதில் உயிர் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், நோயின் பெயரை முதலில் சொல்ல வேண்டும். அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு தொண்டை அடைத்துப் போவதும் இன்னொரு அபாயம். ஆசையாக நீங்கள் திருட்டுத்தனமாக வாயில் திணிக்கிற துண்டு, அவள் மெல்லாமல் விழுங்குகிற துண்டாக இருக்கும்.

கொசுக்கடியைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்வாள். திட்டிப் பயனில்லை. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, கைக்கு வேறு வேலை கொடுங்கள்.

மருந்து ஒன்றுமே இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். பசிக்கு நேரடி மருந்து என்று 2025 மார்ச்சில்தான் அமெரிக்காவில் முதன்முதலாக ஒன்றை அனுமதித்தார்கள். டயசாக்சைடு என்ற பழைய மருந்தின் புது வடிவம், நாலு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. பசியின் வேகத்தை ஓரளவு குறைக்கிறது. சர்க்கரை ஏறுவது, கைகால் வீக்கம், உடம்பில் முடி வளர்வது என்று பக்கவிளைவுகளும் உண்டு. அதை எடுத்துக்கொண்டாலும் இனிப் பூட்டே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. நம் கைக்கு எட்டுகிற மருந்து வளர்ச்சி ஹார்மோன் ஊசிதான். அமெரிக்காவில் இந்த நோய்க்கு அதை 2000-ஆம் ஆண்டிலேயே அனுமதித்துவிட்டார்கள். உயரம் கூடும், தசை கூடும், தெம்பு வரும், பசி மட்டும் அப்படியே இருக்கும். தொடங்குவதற்கு முன் தூக்கத்தில் மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்வார்கள், அதை விட்டுவிடக் கூடாது. தினம் ராத்திரி தொடையில் பேனா போன்ற ஊசி. அந்தப் பேனாவும் ஃப்ரிட்ஜில்தான் இருக்கும். உங்கள் மருமகள் ராத்திரி பூட்டைத் திறப்பதைப் பார்த்துத் தனக்கு மட்டும் எதையோ எடுத்துச் சாப்பிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, ஒருவேளை அந்த ஊசியாக இருக்கும். கேட்டுப்பாருங்கள்.

செலவு பெரிதுதான். 2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையில் இந்த நோய்க்கான வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சையும் இடம்பெற்றிருக்கிறது. அங்கீகரித்த மையங்கள் மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். பெங்களூரு மனித மரபியல் மையமும் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அலைச்சல் இருக்கும், காகிதம் கேட்பார்கள், காத்திருக்க வைப்பார்கள். உங்கள் மகன் லீவு போட்டுவிட்டுப் போகட்டும். இதுவரை ஆஸ்பத்திரிக்கு அலைந்தது யார் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

எல்லாம் கஷ்டமாகவே சொல்லிவிட்டேன். என் மகன் நல்ல பிள்ளை அம்மா. ஜிக்சா படத்துண்டுகளை அடுக்குவதில் வீட்டில் அவனை ஜெயிக்க ஆளில்லை. இந்த நோயுள்ள பிள்ளைகள் பலருக்கும் இந்தத் திறமை இருப்பதை மருத்துவ நூல்களே சொல்கின்றன. நூறு துண்டுப் படத்தைப் பெட்டிமேல் இருக்கும் படத்தைப் பார்க்காமல், துண்டின் ஓரத்தை விரலால் தடவியே சேர்ப்பான். யாராவது அழுதால் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். கேள்வி மட்டும் ஓயாது, ஒரே கேள்வியை நாற்பது தரம் கேட்பான். உங்கள் பேத்தியும் கேட்பாள். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அது அவளுக்கு ஆகாது. ‘நாலரைக்குக் கொய்யா’ என்று சொல்லுங்கள். நாற்பது தரமும் அதையே சொல்லுங்கள்.

உங்களால் ஆகிற காரியங்கள் நிறைய இருக்கின்றன. சாயங்காலம் நாலே முக்காலுக்கு, கொய்யா தின்று முடித்ததும், அவளைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போங்கள். டீக்கடையும் பேக்கரியும் இல்லாத தெருவாகப் பார்த்துப் போங்கள். நடப்பது இவர்களுக்கு மருந்துக்குச் சமம், தசை வளர அதுவும் வேண்டும். பல்லாங்குழி சொல்லிக்கொடுங்கள், சோழி போடட்டும். புளியங்கொட்டை வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வாள். கதை சொல்லுங்கள், வடை திருடிய காக்கா கதையை மட்டும் விட்டுவிடுங்கள். விருந்தாளிகள் மிக்சர் பொட்டலத்தோடு படியேறும்போதே அதை வாங்கி உள்ளே அனுப்பிவிடுகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மருமகள் சொன்னால் ‘பெரிசா அலட்டிக்கறா’ என்பார்கள். எழுபது வயதுக்காரி சொன்னால் வாயை மூடிக்கொள்வார்கள். நம் ஊரில் அந்த அதிகாரம் உங்களுக்குத்தான் இருக்கிறது, அவளுக்கு இல்லை.

இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பஸ்ஸிலோ கோயிலிலோ பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு பிஸ்கட்டை நீட்டுவதற்கு முன் அதன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

உங்கள் மருமகளுக்கு என்னோடு பேச வேண்டும் என்றிருந்தால், என் எண் ஆசிரியரிடம் இருக்கிறது. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் கூப்பிடச் சொல்லுங்கள். அப்போது இவனுக்கு ஊசி போட்டுத் தூங்கவைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பேத்தியைப் போல் ஒரு பிள்ளையின் அம்மா
திருச்சி